நியூயார்க் பேராசிரியர் சம்பளத்தை நம்பி மனையை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: என் மகள் வேலூரில் பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறாள். செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தொல்லியல்தான் படிப்பேன் என்கிறாள். மானிடவியலிலும் ஆர்வம் இருக்கிறது. நியூயார்க்கில் இருக்கும் என் மைத்துனர், “இங்கே இந்தத் துறைப் பேராசிரியருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் சம்பளம். முதுகலைக்கே அனுப்பிவிடுங்கள்” என்கிறார். குடியாத்தத்தில் உள்ள வீட்டு மனையை அடமானம் வைத்தால் 40 லட்சம் ரூபாய் கடன் கிடைக்கும். அனுப்பலாமா? இங்கேயே படித்தால் டெல்லி, சென்னை போன்ற நகரங்களில் என்ன சம்பளம் வரும்?

பதில்: ஐயா, மனைப் பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம். மகளின் விருப்பத்துக்கும் தடை போட வேண்டாம். இந்தப் படிப்புக்கு அமெரிக்கா போக வழி இருக்கிறது. அது கடன் வாங்காமல் போகும் வழி.

உங்கள் மைத்துனர் சொன்ன தொகை தவறில்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, மானிடவியல், தொல்லியல் இரண்டையும் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்களை ஒரே பிரிவாகக் கணக்கிடுகிறது. அந்தப் பிரிவின் சராசரி ஆண்டுச் சம்பளம் ஒரு லட்சம் டாலரை ஒட்டித்தான் இருக்கிறது. நியூயார்க்கின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களில் மூத்த பேராசிரியர்கள் அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். ஆனால் அந்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம். அதை அந்த ஊரிலேயே வைத்துச் செலவு செய்து பார்க்க வேண்டும்.

ஒரு லட்சம் டாலர் வாங்கும் ஒருவர் நியூயார்க்கில் மூன்று வருமான வரி கட்டுகிறார்: மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, நகரத்துக்குத் தனியாக ஒன்று. சமூகப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆகியவற்றுக்கு 7.65 சதவீதப் பிடித்தமும் உண்டு. தனி நபராக இருந்தால் எல்லாம் போக ஏறத்தாழ 70,000 டாலர் மிஞ்சும். மாதத்துக்கு 5,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியச் சேமிப்பையும் கல்லூரி மருத்துவக் காப்பீட்டுக்கான பங்கையும் இதிலிருந்துதான் கழிக்க வேண்டும்.

அடுத்தது வீடு. அந்த ஊர் வீட்டு உரிமையாளர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: வாடகைக்கு வருபவரின் ஆண்டு வருமானம், மாத வாடகையைப் போல் 40 மடங்காவது இருக்க வேண்டும். ஒரு லட்சத்தை 40-ஆல் வகுத்தால் 2,500. அதாவது, அந்தப் பேராசிரியருக்கு 2,500 டாலர் வாடகை வரைதான் வீடு தருவார்கள். மன்ஹாட்டனில் சராசரி வாடகையோ 4,000 டாலரைத் தாண்டிவிட்டது. எனவே குயின்ஸ், பிராங்க்ஸ் பக்கம் போக வேண்டும், அல்லது இன்னொருவரோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகமும் நியூயார்க் பல்கலைக்கழகமும் தங்கள் ஆசிரியர்களுக்குச் சந்தை விலையைவிடக் குறைந்த வாடகையில் சொந்தக் குடியிருப்புகளை வைத்திருப்பது இதனால்தான். அங்கே பணியில் சேருபவர்கள் சம்பளத்துக்கு அடுத்தபடியாக, சிலர் சம்பளத்துக்கும் முன்பாகவே, வீட்டைப் பற்றிப் பேசி முடிக்கிறார்கள்.

இதெல்லாம் நிரந்தரப் பணி கிடைத்தவரின் கணக்கு. அமெரிக்காவில் கல்லூரிப் பாடங்களில் பெரும்பங்கை நடத்துபவர்கள் நிரந்தரப் பணியில் இல்லாதவர்கள். அவர்களில் பகுதிநேர ஆசிரியர்களுக்கு ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி. நியூயார்க் நகரத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் 2022 நிலவரப்படி ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் நடத்தக் குறைந்தபட்சம் 5,500 டாலர். பருவத்துக்கு மூன்று பாடம் கிடைத்தாலும் ஆண்டுக்கு 33,000 டாலர்தான். முனைவர் பட்டம் முடித்த நல்ல ஆய்வாளர்கள் பலர் நிரந்தர இடத்துக்காகக் காத்துக்கொண்டு இப்படிப் பல ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். ஒரு நிரந்தர இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் வருவது அங்கே வழக்கம். அந்த இடத்துக்குத் தகுதி பெறும் முனைவர் படிப்புக்கே இந்தத் துறைகளில் ஏழெட்டு ஆண்டுகள் ஆகும்.

40 லட்சம் கடனை இந்தக் கணக்குக்குள் வைத்துப் பாருங்கள். அங்கே தனி முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் உதவித்தொகை கிடையாது. மாணவர்களின் கட்டணத்தில் நடப்பது அது. முனைவர் படிப்பு அப்படியல்ல. நல்ல பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் தருகின்றன. ஆகவே இந்தத் துறைகளில் அமெரிக்கா போவதென்றால், அவர்கள் பணம் தந்து அழைக்கும் முனைவர் இடத்துக்கு மட்டும்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கணினிப் படிப்புக்குக் கடன் வாங்கிப் போனவர்கள் அடைத்துவிடுகிறார்களே என்று சொல்வார்கள். அவர்களுக்குப் படித்து முடித்ததும் வேலை கிடைக்க வாய்ப்பு உண்டு. தொல்லியலில் முதுகலை மட்டும் முடித்தவர் அங்கே அகழாய்வுக் குழியில் ஒப்பந்தப் பணியாளராக நிற்கலாம். அந்தக் கூலியில் 40 லட்சம் அடையாது.

இனி நம் நாட்டுக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதிய விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியருக்கு 1,31,400, பேராசிரியருக்கு 1,44,200. தொல்லியலுக்கும் இயற்பியலுக்கும் இதில் வேறுபாடு இல்லை. துறை எதுவானாலும் அதே ஊதியம். மகளுக்கு இது பெரிய பாதுகாப்பு.

மத்தியப் பல்கலைக்கழகமாக இருந்தால் ஊரைப் பொறுத்து வீட்டு வாடகைப்படி மாறும். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது பெருநகரங்களுக்கு அது 30 சதவீதமாகவும், நடுத்தர நகரங்களுக்கு 20, சிற்றூர்களுக்கு 10 சதவீதமாகவும் உயர்ந்தது. அந்த நிலவரப்படி டெல்லியில் புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை 57,700, அகவிலைப்படி 28,850, வீட்டு வாடகைப்படி 17,310, போக்குவரத்துப்படி 10,800. கூட்டினால் 1,14,660. இதில் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்கு 8,655 ரூபாய் பிடித்துக்கொண்டு, அரசு தன் பங்காக 14 சதவீதத்தைச் சேர்க்கும். பிறகு வருமான வரி. பேராசிரியர் பதவிக்கு வந்ததும் இதே கணக்கில் மாதம் 2,70,360 வரும். அதன் பிறகும் அகவிலைப்படி ஏறியிருக்கிறது.

டெல்லியில் 17,310 ரூபாய்க்குப் பல்கலைக்கழகத்தின் அருகில் நல்ல குடும்ப வீடு கிடைப்பது கடினம்; கைப்பணம் போட வேண்டியிருக்கும். வளாகக் குடியிருப்பு கிடைத்தால் வாடகைப்படி நின்றுவிடும் என்றாலும் அதை விடக்கூடாது. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் அடிப்படை ஊதியம் இதுவே. ஆனால் வீட்டு வாடகைப்படி சதவீதத்தில் வராமல் மாநில அரசின் அடுக்கு முறையில் வரும், தொகையும் குறைவு. சென்னை வாடகையைச் சமாளிக்கும்போது அந்த வேறுபாடு நன்றாகவே உறைக்கும்.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் பேராசிரியராக எவ்வளவு காலம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்டத்தோடு சேர்ந்தால் நான்கு, ஐந்து, மூன்று ஆண்டுகள் என்று மூன்று கட்டம் கடந்து இணைப் பேராசிரியர். மேலும் மூன்று ஆண்டுகளில் பேராசிரியர். எதுவும் தடைபடாவிட்டால் 15 ஆண்டுகள்.

நம் நாட்டிலும் நிரந்தர இடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். வருகைதரு ஆசிரியர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று மானியக் குழு 2019-இல் சொன்னது. அந்த 50,000 ரூபாயைக் கேட்டுத் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். தனியார் கல்லூரிகளில் தொல்லியல் துறையே அரிது. ஆகவே கல்லூரி வேலையை மட்டும் நம்பாமல் மாநிலத் தொல்லியல் துறை, இந்தியத் தொல்லியல் துறை, இந்திய மானிடவியல் அளவீட்டு நிறுவனம், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் தேர்வுகளையும் மகள் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

மகள் முதலில் முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் தொல்லியல் பெரும்பாலும் மானிடவியல் துறைக்குள்ளேயே ஒரு பிரிவு. இந்தியாவில் அது பண்டைய வரலாற்றோடு சேர்ந்தது. மானிடவியல் தனித் துறை. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டிலும் இரண்டும் தனித்தனிப் பாடங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945-இல் தொடங்கிய மானிடவியல் துறை ஒருபுறம், பண்டைய வரலாறு மற்றும் தொல்லியல் துறை மறுபுறம். புனேயின் டெக்கான் கல்லூரி தொல்லியலுக்கு நாட்டிலேயே மிக மதிப்புள்ள இடங்களில் ஒன்று. வரலாறு படித்த உங்கள் மகளுக்கு முதுகலையில் தொல்லியல் எடுப்பதே நேர்வழி. மானிடவியல் பாடங்களைப் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்; பின்னாளில் அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தால் அவை கைகொடுக்கும்.

பணம் தந்து அழைக்கும் முனைவர் இடம் மதிப்பெண்ணால் மட்டும் கிடைப்பதில்லை. “எதை ஆராயப்போகிறாய்” என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான விடை உங்கள் மகளுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். செங்கம் நடுகற்களில் மகேந்திரவர்மப் பல்லவனின் ஆட்சியாண்டு குறித்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. தொறு, அதாவது மாட்டு மந்தை, கவர்ந்தவர்களுக்கும் அதை மீட்கப் போனவர்களுக்கும் இடையே நடந்த பூசலில் இறந்த வீரன், கையில் வில்லோ வாளோ ஏந்தி நிற்கிறான்; எந்த நாட்டவன், யாருடைய சேவகன் என்பதும் கல்லிலேயே இருக்கிறது. மாடு செல்வமாக இருந்த அந்தச் சமூகம் எப்படி இயங்கியது? ஜவ்வாது மலையில் இன்று வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் மேய்ச்சல், உறவுமுறை, குலதெய்வ வழிபாடு ஆகியவற்றோடு அதை ஒப்பிட்டால் என்ன தெரியும்? தொல்லியலும் மானிடவியலும் ஒரே இடத்தில் சந்திக்கும் கேள்வி இது. பழைய வடஆற்காட்டில் இதற்கு மேலும் களங்கள் உண்டு: இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் அகழ்ந்த பையம்பள்ளி இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது, வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டியில் மாநிலத் தொல்லியல் துறை 2023-இல் அகழாய்வு நடத்தியது. வார இறுதியில் பஸ்ஸில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்துத் திரும்பக்கூடிய தூரம். நியூயார்க்கில் இருப்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை.

எனவே இந்த ஆண்டு சென்னைக்கும் புனேக்கும் முதுகலை விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். வட்டெழுத்து படிக்கப் பழகட்டும். முதுகலை இரண்டாம் ஆண்டில் நெட் எழுதி இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் முனைவர் படிப்புக்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். அது 2023 ஜனவரி முதல் உள்ள விகிதம். அதே ஆண்டு அமெரிக்க முனைவர் இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் டிசம்பரில் கடைசி நாள். அனுமதிக் கடிதம் வந்தால் அதில் கட்டணத் தள்ளுபடி எத்தனை ஆண்டுகளுக்கு, உதவித்தொகை ஒன்பது மாதத்துக்கா பன்னிரண்டு மாதத்துக்கா, கோடைக் காலக் களப்பணிக்குத் தனிப் பணம் உண்டா, மாணவர் குடியிருப்பு உறுதியா என்ற நான்கையும் பாருங்கள். இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் இருந்தால் மகளுக்கு டிக்கெட் எடுங்கள்.