ஜேனட் ஜாக்சனின் ‘கன்ட்ரோல்’ ஏன் திருப்புமுனை ஆனது?

கேள்வி: பாப் பாடகிகள் ‘இனி நான் சின்னப் பெண் இல்லை’ என்று துணிச்சலாக ஓர் ஆல்பம் போடுகிறார்களே, அது வெறும் உடை மாற்றம்தானா? வியாசர்பாடியில் கானா பாடும் என் தங்கச்சிக்கும் அந்த ஆசை இருக்கிறது.

உடையெல்லாம் கடைசியில் வருவது. அமெரிக்க பாப் பாடகி ஜேனட் ஜாக்சனின் ‘கன்ட்ரோல்’ (1986) ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆல்பங்களும் அப்பா ஜோசப் ஜாக்சனின் மேற்பார்வையில் வந்தவை, பெரிதாக எடுபடவில்லை. அப்பாவை மேனேஜர் பொறுப்பிலிருந்து விலக்கிவிட்டு ஜேனட் மினியாபொலிஸ் நகரத்துக்குப் போனார். அப்போது வயது 19. அங்கே தயாரிப்பாளர்கள் ஜிம்மி ஜாமும் டெர்ரி லூயிஸும் எடுத்த எடுப்பில் மெட்டுப் போடவில்லை. அவரோடு ஊரைச் சுற்றினார்கள், பேசினார்கள். பேசியதெல்லாம் பாட்டாக வந்து நின்றது. தெருவில் வம்பிழுத்த ஆண்களை அவர் எதிர்த்து நின்றதுகூட ஒரு பாட்டு: என்னை ‘பேபி’ என்று கூப்பிடாதே, எனக்குப் பெயர் இருக்கிறது என்கிற தோரணையில். தாளம் போடும் மின்னணுக் கருவியான டிரம் மெஷினின் முரட்டு அடி அந்தக் கோபத்துக்கு அத்தனை பொருத்தம்!

நம் வடசென்னை இசைவாணியும் அப்படித்தான். பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் தன் குரலை நிறுத்தி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார்.

சரி, தங்கச்சி விஷயம். போட்டோஷூட் பற்றி இப்போது பேசவே வேண்டாம். எந்த பஸ்ஸில், எந்தத் தெருவில், யாருக்குப் பதில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டார் என்று கேளுங்கள். அதை அவரே எழுதட்டும். பாட்டின் உரிமையையும் அவர் பெயரிலேயே பதிவு செய்துவிடுங்கள்.