11 பாயிண்ட் எடுத்தவனை எதுக்கு உள்ள விட்டாங்க?

கேள்வி: ஐ.பி.எல். மாதிரி இங்கிலீஷ் பிரீமியர் லீக்கையும் 20 பெரிய டீமோட மூடிடலாமே சார்? கீழ இருந்து மேல வர்ற டீம் எல்லாம் அடி வாங்கத்தான் வருது. 2007-08-ல டெர்பி கவுன்ட்டி சீசன் முழுக்க எடுத்ததே 11 பாயிண்ட். இப்படி ஒரு டீமை உள்ள விட்டதால யாருக்கு என்ன பிரயோஜனம்?
- மான்செஸ்டர் சிட்டி ரசிகன், திருச்சி

பதில்: தம்பி, அந்த 11 பாயிண்ட்டை நீங்க ஏதோ 'மட்டமான டீம் டாப் 10' வீடியோல பாத்துட்டு வந்து கேக்குறீங்கன்னு நல்லாவே தெரியுது, ஏன்னா அந்த மாதிரி வீடியோல எல்லாம் 11-னு சொல்லி சிரிப்பாங்களே தவிர அந்த 11 யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். அதை நான் சொல்றேன், அப்புறம் கதவைப் பூட்டலாமா வேணாமான்னு பேசலாம்.

முதல்ல ஒத்துக்குறேன், மகா மட்டமான சீசன்தான் அது, அதுல சந்தேகமே வேணாம். 38 மேட்ச்ல 1 வெற்றி (அதுக்கு 3 பாயிண்ட்), 8 டிரா (ஆளுக்கு ஒரு பாயிண்ட்), 29 தோல்வி, போட்டது 20 கோல், வாங்கினது 89. லிவர்பூல்ல போய் 6, செல்சீல போய் 6, சொந்த ஊர்ல ஆஸ்டன் வில்லாகிட்ட 6, ஆர்சனல்கிட்ட அங்க போய் 5 வாங்கினது பத்தாதுன்னு ஏப்ரல்ல வீட்டுக்கு வரவழைச்சு 6 வாங்கினாங்க, ரெண்டு மேட்ச்லயும் ஆர்சனலோட அடபயோர் ஹாட்ரிக். வெளியூர் மைதானத்துல லீக்ல அவங்க முதல் கோல் போட்டது டிசம்பர் 8-ல, மான்செஸ்டர் யுனைடெட்டோட ஓல்டு டிராஃபர்டுல, ஸ்டீவ் ஹோவர்டு போட்டாரு, அந்த மேட்சும் 4-1 தோல்வி. செப்டம்பர் மாசமே ஒரு ஐரிஷ் பந்தயக் கம்பெனி, டெர்பி கடைசி மூணு இடத்துல ஒண்ணுல முடிஞ்சு கீழ் டிவிஷனுக்கு இறங்கும்னு (ரெலிகேட் ஆகும்னு) கட்டினவங்களுக்கு எல்லாம் பணத்தை எண்ணிக் குடுத்துருச்சு, சீசன் முடிய இன்னும் ஏழெட்டு மாசம் கிடக்கு! பந்தயக்காரன் தானா கூப்பிட்டு காசு குடுக்குறான்னா நிலைமையைப் பாத்துக்கங்க. மார்ச் 29-ல ஃபுல்லம்கூட 2-2 டிரா பண்ணதோட கதை முடிஞ்சுது, மார்ச் மாசத்துலயே ரெலிகேட் ஆன டீம் பிரீமியர் லீக்ல அதுக்கு முன்னாடி கிடையாது. 2025-ல சவுத்தாம்ப்டன் ரொம்ப நாள் இந்த 11-கிட்டயே முட்டிக்கிட்டு நின்னுட்டு, கடைசில உங்க சிட்டியோட 0-0 டிரா பண்ணி 12 ஆக்கித் தப்பிச்சாங்க, அந்த ஒரு பாயிண்ட்டுக்கு அவங்க பட்ட சந்தோஷத்தைப் பாத்திருப்பீங்களே.

சரி, ஏன் இப்படி ஆச்சு? திறமை இல்லாததுங்குறது பாதிதான், மீதி அவசரம். 2006-ல இவங்க ரெண்டாவது டிவிஷன்ல 24 டீம்ல 20-ஆவது. பில்லி டேவிஸ்னு ஸ்காட்லாந்துக்காரர் ஒருத்தர் மேனேஜரா வந்தாரு, அடுத்த வருஷமே மூணாவது இடம். ஆனா எப்படி மூணாவது, 46 மேட்ச்ல 62 கோல்தான், தட்டுத் தடுமாறி ஒத்தை கோல்ல ஜெயிச்சு ஜெயிச்சு வந்த மூணாவது. முதல் ரெண்டு டீம் நேரா மேல போயிரும், மூணாவது ஆளு மிச்சமிருக்குற ஒரே இடத்துக்கு பிளே-ஆஃப் ஆடணும். அந்த செமிஃபைனல்ல சவுத்தாம்ப்டனை பெனால்டில தாண்டினாங்க, 2007 மே 28-ல வெம்ப்ளில வெஸ்ட் ப்ராம்விச்சை ஸ்டீபன் பியர்சன் போட்ட ஒரே கோல்ல தாண்டினாங்க. அந்த ஒரு மேட்சோட மதிப்பு 6 கோடி பவுண்டுன்னு அப்ப பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு, வீட்டுல பாத்திரம்கூட இல்ல, அந்த நிலைமை. கிளப் வரலாற்றுலயே பெரிய தொகைன்னு 35 லட்சம் பவுண்டு குடுத்து ராபர்ட் எர்ன்ஷாவை வாங்கினாங்க, பாவம் மனுஷன் லீக்ல போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் ஆர்சனல்கிட்ட 6 வாங்கின அந்த மேட்ச்ல. நவம்பர்ல டேவிஸ் போயிட்டாரு, அப்ப 14 மேட்ச்ல 6 பாயிண்ட். அடுத்து வந்த பால் ஜூவல் 24 மேட்ச்ல 5 பாயிண்ட், அஞ்சும் டிரா, அந்த சீசன்ல லீக்ல ஒரு தடவைகூட ஜெயிச்சு கைகுலுக்காம முடிச்சாரு.

அந்த ஒரே வெற்றியை நான் டிவில பாத்தேன். 2007 செப்டம்பர் 17, திங்கக்கிழமை ராத்திரி மேட்ச், நம்ம கணக்குல நடுராத்திரி பன்னெண்டரை, விடிஞ்சா இஷ்யூ அச்சுக்குப் போகணும், வீட்டுல எல்லாரும் தூங்குறாங்கன்னு சவுண்டை சுத்தமா குறைச்சு வச்சுட்டு உக்காந்திருந்தேன், பாக்க வந்தது நியூகாசிலைத்தான், டெர்பியை யாரு பாக்க வருவா. டெர்பிக்காக கென்னி மில்லருக்கு அன்னிக்குத்தான் முதல் மேட்ச். முதல் பாதி முடியப் போற நேரம், துள்ளி வந்த பந்தை பாக்ஸுக்கு வெளிய இருந்து ஓங்கி ஒரு அடி, வலைக்குள்ள. சவுண்டு இல்லாமலே டெர்பியோட மைதானம் பிரைட் பார்க் கத்துறது தெரிஞ்சுது, கேமரா ஆடிச்சு. 1-0. அதோட சரி, அதுக்கப்புறம் 32 மேட்ச், ஒண்ணுகூட ஜெயிக்கல.

இப்ப நீங்க கேக்காத ஒரு கணக்கு சொல்றேன். பிரைட் பார்க்ல உக்கார இடம் 33 ஆயிரத்து சொச்சம். அந்த சீசன்ல சராசரியா வந்த கூட்டம் 32 ஆயிரத்துக்கு மேல. ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சே, பந்தயக் கம்பெனியே கை கழுவின டீமுக்கு, பனியில நடுங்கிக்கிட்டு ஒவ்வொரு மேட்சுக்கும் 32 ஆயிரம் பேர் வந்திருக்கான். உங்களுக்குப் பிரயோஜனம் இல்லாம இருக்கலாம், அவனுக்கு இருந்திருக்கு.

அடுத்து '20 பெரிய டீம்'. யாரு பெரிய டீம்னு எந்தத் தேதில முடிவு பண்றது? 1975-ல கதவைப் பூட்டியிருந்தா டெர்பி உள்ள இருந்திருக்கும், சும்மா இல்ல, அந்த வருஷ சாம்பியனா இருந்திருக்கும், 1972-லயும் பிரையன் கிளஃப் மேனேஜரா இருந்த காலத்துல அவங்கதான் சாம்பியன். அதே 1975-ல மான்செஸ்டர் யுனைடெட் எங்க இருந்துச்சுன்னா ரெண்டாவது டிவிஷன்ல, பூட்டின கதவுக்கு வெளிய. இதைக் கேட்டு சிரிக்காதீங்க, உங்க கதைக்கு வர்றேன். 1998-99 சீசன்ல டெர்பி பிரீமியர் லீக்ல எட்டாவது இடம், மான்செஸ்டர் சிட்டி மூணாவது டிவிஷன். ஆமா, மூணாவது. மே மாசம் வெம்ப்ளில ஜில்லிங்ஹாம்கிட்ட 90-ஆவது நிமிஷம் வரைக்கும் 0-2-ல செத்துக் கிடந்து, ஹார்லாக் ஒண்ணு, இன்ஜுரி டைம் முடியப் போற நேரம் டிக்காவ் ஒண்ணு போட்டு, பெனால்டில பொழச்சு மேல வந்த டீம்தான் உங்க டீம். அன்னிக்கு உங்களை மாதிரி ஒருத்தர் சொன்னதைக் கேட்டு பூட்டைப் போட்டிருந்தா இன்னிக்கு நீங்க எந்த ஜெர்சியைப் போட்டுக்கிட்டு எனக்குக் கேள்வி அனுப்பியிருப்பீங்க?

ஐ.பி.எல்.-ல 2025-ல நம்ம சென்னை 10 டீம்ல பத்தாவது, அதுல வருத்தம் உண்டு, கிண்டல் உண்டு, ஆனா தண்டனைன்னு ஒண்ணு கிடையாது, அடுத்த வருஷம் அதே மஞ்சள் சட்டையில வந்து நிக்கலாம். அது வேற வியாபாரம், அதை குறை சொல்லல. இங்கிலாந்துலயும் அதைக் கொண்டு வரணும்னு 2021 ஏப்ரல்ல ஆறு பெரிய கிளப் ஸ்பெயின், இத்தாலி கிளப்போட சேர்ந்து சூப்பர் லீக்னு அறிவிச்சாங்களே, அதுல உங்க சிட்டியும் உண்டு. ரெண்டே நாள், ரசிகர்கள் ரோட்டுக்கு வந்துட்டாங்க, அதுவும் அந்தந்த பெரிய கிளப்போட ரசிகர்களே, ஆறும் வாபஸ்.

இப்ப அந்த 11-க்கு வர்றேன், அதைச் சொல்லத்தான் இவ்ளோ இழுத்தேன். நியூகாசில்கிட்ட 1-0 வெற்றி, அவங்க ஊர்ல 2-2, ஆக 4 பாயிண்ட் நியூகாசில் போட்ட பிச்சை, ஜனவரில அவங்க மேனேஜர் அல்லர்டைஸ் வேலையே போச்சு, அதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், டெர்பிகிட்ட போன இந்த நாலும் அதுல சேர்த்திதான். ஃபுல்லம்கிட்ட ரெண்டு டிரா. போர்ட்ஸ்மத், போல்டன், சிட்டி (ஆமா தம்பி, நீங்களும் 1-1 பண்ணியிருக்கீங்க), சண்டர்லாண்டு, பர்மிங்ஹாம் ஆளுக்கு ஒண்ணு. இந்தக் கடைசி ஒண்ணைப் பிடிச்சுக்கங்க. 2008 பிப்ரவரி 2, பர்மிங்ஹாம் அவங்க சொந்த மைதானத்துல டெர்பியோட 1-1. டெர்பிக்கு அது ஒரு மண்ணுக்கும் உதவாத பாயிண்ட், ஏற்கனவே செத்த டீம்.

மே 11, கடைசி நாள். டெர்பி போக இன்னும் ரெண்டு டீம் இறங்கணும், யாருன்னு மூணு டீம் தொங்குது, ஃபுல்லமும் ரெடிங்கும் 33, பர்மிங்ஹாம் 32. ரெடிங் வந்தது டெர்பிக்கேதான், 4-0-னு அடிச்சு துவைச்சாங்க. பர்மிங்ஹாம் வீட்டுல பிளாக்பர்னை 4-1. ரெண்டு டீமும் நாலு நாலு கோல் போட்டுட்டு போர்ட்ஸ்மத் ஸ்கோருக்காகக் காத்துக்கிட்டிருக்கு, அங்க ஃபுல்லம் கோல் இல்லாம திணறுது, 76-ஆவது நிமிஷம் ஃப்ரீகிக் வருது, ஆளு உயரம்னு சொல்ல முடியாத டேனி மர்ஃபி தலையால முட்டுறாரு, 1-0. ஃபுல்லம் 36, ரெடிங் 36, கோல் டிஃபரன்ஸ்ல (போட்ட கோல்ல வாங்கினதைக் கழிச்சா வர்ற கணக்கு) ரெடிங் காலி. பர்மிங்ஹாம் 35, ஒத்தை பாயிண்ட்ல காலி. பிப்ரவரில டெர்பியை ஜெயிச்சிருந்தா 37, அவங்க இருந்திருப்பாங்க, ஃபுல்லம் போயிருக்கும். அந்த ஃபுல்லம்தான் ரெண்டே வருஷத்துல, 2010-ல, ஹாம்பர்க்ல யூரோப்பா லீக் ஃபைனல் ஆடினாங்க, அட்லெட்டிகோ மாட்ரிட்கிட்ட எக்ஸ்ட்ரா டைம்லதான் தோத்தாங்க.

யாருக்கு என்ன பிரயோஜனம்னு கேட்டீங்கல்ல, ஃபுல்லம்காரன் யாராவது மாட்டினா கேட்டுப் பாருங்க. பர்மிங்ஹாம்காரன்கிட்ட மட்டும் கேக்காதீங்க.