பொருளாதாரம் படிக்க ஆப்பிள் எதற்கு?

சார், உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பொருளாதாரப் பட்டப்படிப்பில் சேரப்போகிறாள். வீட்டில் இருக்கும் லேப்டாப்போ, விண்டோஸ் 11-க்குத் தனக்குத் தகுதியில்லை என்று திரையிலேயே சொல்லிவிட்டது. "ஆப்பிள் வாங்கிக் கொடுங்கள், ஆபீஸ் சந்தாவும் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் செமஸ்டரிலேயே பின்தங்கிவிடுவாள்" என்கிறார் அவளுடைய மாமா. பெரியம்மா ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மூன்று மாத ஆபீஸ் கோர்ஸுக்கு விசாரித்தும் விட்டார். நீங்கள் தவணைக்கு விண்ணப்பப் படிவம் வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

பெற்றோருக்கு இந்த நேரத்தில் பதற்றம் வருவது இயல்பு, கவலைப்படாதீர்கள். ஆனால் படிவம் வரை போய்விட்டதால், ஆறுதலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதை நிரப்பாதீர்கள். இருக்கும் லேப்டாப்பிலேயே, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

மாமா சொல்வதில் சரியான பகுதி ஒன்று உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதை அப்படியே வைத்துக்கொண்டு இன்னும் நான்கு வருஷம் இணையத்தில் உலவுவது சரியில்லை. ஆனால் "விண்டோஸ் 11 ஏறாது" என்பதிலிருந்து "லேப்டாப் செத்துப்போச்சு" என்ற முடிவுக்கு அவர் ஒரே தாவாகத் தாவிவிட்டார். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய புராசஸரும். உங்களுடையது ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். விண்டோஸ் 11 பிழைப்புக்குக் கேட்கும் ரேம் 4 ஜிபிதான். ஆக, உங்கள் இயந்திரத்துக்கு வேகம் போதாது என்று யாரும் சொல்லவில்லை. மைக்ரோசாஃப்டின் பட்டியலில் அதன் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

புதிய விண்டோஸ் லேப்டாப், ஆப்பிள் லேப்டாப் இரண்டையும் பற்றி நான் விரிவாக எழுதப்போவதில்லை. இரண்டும் நல்ல பொருட்கள். எந்தக் கடையில் போய் நின்றாலும் விற்பவர் மணிக்கணக்கில் சொல்வார். ஆப்பிளில் பேட்டரி நிற்கும், பேஜஸ், நம்பர்ஸ், கீநோட் மூன்றும் இலவசமாகவே வரும். வீடியோ எடிட்டிங்கோ இசையோ படிக்கிற பிள்ளை என்றால் நானே யோசிக்கச் சொல்லியிருப்பேன். பொருளாதாரம் முதலாண்டில் என்ன செய்வார்கள்? கட்டுரை எழுதுவார்கள், அட்டவணை போடுவார்கள், ஸ்லைடு காட்டுவார்கள், புள்ளியியல் தாளில் கொஞ்சம் தரவு அலசுவார்கள். இதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரியை நீங்கள் புகாராக எழுதியிருக்கிறீர்கள். "பரீட்சை நேரத்தில் படிக்காமல் லேப்டாப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்." கழற்றி என்ன செய்தாள்? பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாட்டினாள். மாட்டிய பிறகு லேப்டாப் ஓடியது, முன்பைவிட வேகமாகவே ஓடியது என்று நீங்களே அடுத்த வரியில் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளையின் நாட்டம் எந்தப் பக்கம் என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் விதவிதமான கேள்வித்தாள் கொடுப்பேன். உங்கள் வீட்டில் அந்த வேலையை ஒரு ஸ்க்ரூ டிரைவர் செய்து முடித்துவிட்டது.

அவளுக்கு நான் சொல்வது லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட். ஆபீஸ் வேலைக்கு அதோடு கூடவே வரும் லிப்ரே ஆபிஸ். உங்கள் உறவுக்காரர்கள் யாரும் இதைச் சொல்லாததற்குக் காரணம் எளிது. விற்பவர் கிடையாது, விளம்பரம் கிடையாது, தவணையும் கிடையாது.

மின்ட் 2006-இல் தொடங்கியது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டது. கீழே டாஸ்க் பார், இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகியவர் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. 2 ஜிபி ரேமில் ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி. உங்களிடம் அதைப்போல இரு மடங்கு இருக்கிறது. 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை அப்டேட் உண்டு. இடையில் ஏதாவது கெட்டுப்போனால் முந்தைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்ட் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது. நிறுவி முடித்த அன்றே அதை இயக்கி வைக்கச் சொல்லுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, நிறுவாமலே பார்த்துவிடலாம் என்பது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். மின்ட் தளத்திலிருந்து ஏறக்குறைய 3 ஜிபி ஐஎஸ்ஓ கோப்பை (முழு மின்ட்டும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற இலவச நிரல் மூலம் பென் டிரைவில் எழுத வேண்டும். வெறுமனே காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. அப்புறம் லேப்டாப்பை அணைத்துவிட்டு, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்த கையோடு கீபோர்டில் எஃப்12 தட்ட வேண்டும். சில கம்பெனிகளில் அது எஃப்2, எஃப்9 அல்லது எஸ்கேப். வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சிறிது நேரத்தில் முழு டெஸ்க்டாப்பும் திரையில் நிற்கும். உள்ளே இருக்கும் விண்டோஸையோ உங்கள் கோப்புகளையோ அது தானாகத் தொடாது. டெஸ்க்டாப்பில் இருக்கும் 'இன்ஸ்டால்' ஐகானை அழுத்தும் வரை எல்லாம் ஒத்திகைதான்.

அந்த ஒத்திகையில் அவள் பார்க்க வேண்டியது அழகை இல்லை. வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கரும் மைக்கும் வேலை செய்கின்றனவா, கேமராவில் முகம் தெரிகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வீட்டுப் பிரின்டரில் ஒரு பக்கம் விழுகிறதா. கைரேகை சென்சார் வேலை செய்யாமல் போக வாய்ப்பு அதிகம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வைஃபை பிடிக்கவில்லை என்றால் மட்டும் நின்று, அந்த வைஃபை சில்லின் பெயரைப் பார்த்து டிரைவர் தேடிவிட்டுப் பிறகு தொடரட்டும்.

இனி ஆபீஸ். "கல்லூரியில் வேர்டு ஃபைல்தானே கேட்பார்கள்?" என்பது நியாயமான கேள்வி. லிப்ரே ஆபிஸ் ஓப்பன் ஆபிஸிலிருந்து 2010-இல் பிரிந்து வளர்ந்தது. ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் மூன்றும் வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளைத் திறக்கும், அதே வடிவத்தில் சேமிக்கும். ஆனாலும் தகராறு வரும். வழக்கமாக அது எங்கே வரும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு பக்கத்தில் கச்சிதமாக முடிந்த கட்டுரை இங்கே திறந்தால் இரண்டாம் பக்கத்துக்கு இரண்டு வரி வழிந்திருக்கும். பெரும்பாலும் குற்றவாளி எழுத்துரு. வேர்டில் 2007 முதல் பல வருஷம் இயல்பாக இருந்தது காலிப்ரி. அது லினக்ஸில் கிடையாது. ஆனால் கார்லிட்டோ என்ற எழுத்துரு காலிப்ரியின் ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் அப்படியே பின்பற்றிச் செய்யப்பட்டது. அதை நிறுவிவிட்டால் வரி உடைவது பெருமளவு நின்றுவிடும். கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் வரிசை. 2023-க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் ஆப்டோஸ் என்ற எழுத்துருவை இயல்பாக்கிவிட்டது. அதில் அடித்த கோப்பு வந்தால் வரிகள் கொஞ்சம் நகரும். படிக்க மட்டும்தான் என்றால் விட்டுவிடலாம். அவள் அனுப்புவதை பிடிஎஃப் ஆக அனுப்பட்டும், ரைட்டரில் அதற்குத் தனி பட்டனே இருக்கிறது. பிடிஎஃப்புக்குள்ளேயே திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் பொதிந்து அனுப்பும் வசதிகூட உண்டு. பலருக்கு இது தெரியாது.

கால்க் விஷயத்தில் பயமே வேண்டாம். எக்செல் போலவே 10,48,576 வரிசைகள். அட்டவணையில் தேடித்தரும் விலுக்கப் (VLOOKUP), தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் எல்லாம் அதே பெயரில். எக்ஸ்லுக்கப்பும் (XLOOKUP) லிப்ரே ஆபிஸ் 24.8 பதிப்பிலிருந்து வந்துவிட்டது. இல்லாதவை பவர் குவெரி, பவர் பிவட் என்ற எக்செல்லின் பெரிய தரவுக் கருவிகள். எக்செல்லுக்குள் எழுதும் சிறு நிரலான விபிஏ மேக்ரோ ஓரளவுதான் ஓடும். தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாகக் கிடைக்கும்.

பெரியம்மா சொல்லும் மூன்று மாத கோர்ஸ் வேண்டாம் என்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இம்மாதிரி வகுப்புகளில் பெரும்பாலும் எந்த பட்டன் எங்கே என்றுதான் சொல்லித்தருவார்கள். பட்டன் அடுத்த பதிப்பில் இடம் மாறும். ரைட்டரில் எஃப்11 அழுத்தினால் ஸ்டைல்கள் திறக்கும். தலைப்புகளைக் கையால் தடித்த எழுத்தாக்காமல் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று குறித்துப் பழகினால் பொருளடக்கம் தானே உருவாகும், ஒரு மாற்றத்தில் எல்லாத் தலைப்பும் மாறும். அதே கோப்பு வேர்டுக்குப் போனாலும் அந்த அமைப்பு உடைவதில்லை. இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆறு வருஷம் வேர்டு பயன்படுத்தியும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவில் கொண்டுவருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அவள் துறைக்கு இன்னொன்றும் உண்டு. பொருளாதாரத்தில் மேலே போகப் போக தரவு அலச உதவும் ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள் இரண்டும் வேண்டியிருக்கும். இரண்டும் லினக்ஸில் ஓரிரு கட்டளையில் வந்து உட்காரும். தெரியாமலே அவள் கட்டளை தட்டும் டெர்மினலும் கோப்பு அனுமதிகளும் பழகிவிடுவாள். 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. பட்டத்துக்குப் பிறகு அவள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தால் ரெட் ஹேட் நிறுவனம் நடத்தும் ஆர்ஹெச்சிஎஸ்ஏ (RHCSA) என்ற லினக்ஸ் நிர்வாகத் தேர்வு இருக்கிறது. அதில் விடை டிக் அடிக்கிற வேலையே இல்லை. நிஜமான ஒரு கணினியை அமைத்துக் காட்ட வேண்டும், மறுபடி பூட் செய்தாலும் அது நிற்க வேண்டும். சாயவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆப்பிளுக்குப் பதில் லினக்ஸ் என்று இன்னொரு சுமையை அவள் தலையில் ஏற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை.

மாமா கட்டாயம் ம்யூனிக் கதையைச் சொல்வார். உண்மைதான், அந்த நகர நிர்வாகம் லினக்ஸுக்குப் போய்விட்டு 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு சுமார் 30,000 கணினிகளை லிப்ரே ஆபிஸுக்கு மாற்றுவதாக 2024-இல் அறிவித்ததையும் அவரிடம் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கான ஊழியர்களை மாற்றுவது அரசியல். ஒரு மாணவி ஒரு லேப்டாப்பை மாற்றுவது வேறு கணக்கு.

இரண்டு இடத்தில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். ஒன்று, யாரோ பென் டிரைவில் தரும் கிராக் செய்த விண்டோஸ், ஆபீஸ். இலவசமாகவும் சட்டப்படியும் ஒரு வழி இருக்கும்போது அதற்கு எந்த நியாயமும் இல்லை. அந்தக் கிராக்கோடு என்னென்ன வைரஸ் வந்து உட்காரும் என்று கொடுத்தவருக்கே தெரியாது. இரண்டு, கல்லூரியைக் கேட்காமல் கட்டும் சந்தா. பல கல்லூரிகள் மாணவர்களுக்கு ஆபீஸ் கணக்கை இலவசமாகவே தருகின்றன. அது இல்லாவிட்டாலும் வேர்டு, எக்செல் இரண்டின் இணையப் பதிப்புகள் இலவசம். லினக்ஸில் இருக்கும் பிரவுசரிலும் ஓடும்.

சேர்க்கை அன்று துறை அலுவலகத்தில் அவளே இந்த மூன்றையும் கேட்கட்டும்: மாணவர் ஆபீஸ் கணக்கு உண்டா, விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் பாடத்தில் வருகிறதா, ஆன்லைன் தேர்வுக்குப் பூட்டப்பட்ட பிரவுசர் கேட்பார்களா. அந்த வகை பிரவுசர்கள் பெரும்பாலும் விண்டோஸிலும் மேக்கிலும்தான் ஓடும். கடைசி இரண்டில் எதற்காவது ஆம் என்று பதில் வந்தால் விண்டோஸை அழிக்காமல் டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், தேர்வு நாளில் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். விண்டோஸ் 11-தான் வேண்டும் என்று எழுத்தில் சொன்னால் கல்லூரி ஆய்வகக் கணினி போதுமா என்று கேளுங்கள். அதுவும் போதாது என்றால், அப்போது வாங்கலாம். எந்த மென்பொருள், எவ்வளவு ரேம் என்று தெரிந்து வாங்குவீர்கள்.

நிறுவுவதை அவளே செய்யட்டும், தெரிந்த பையன் யாரையும் கூப்பிட வேண்டாம். அதற்கு முந்தின நாள் வீட்டுப் புகைப்படங்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வைத்து, அவை இன்னொரு கணினியில் திறக்கின்றனவா என்று நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.