அடுப்படிக் கேள்வி பதில்: டைனர் ருசி வீட்டில் வருமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். இங்குள்ள டைனரில், அதாவது சாலையோரச் சிற்றுண்டிக் கடையில், காலையில் தரும் ஹேஷ் பிரவுன் (உருளைக்கிழங்குத் துருவலை அடையாகப் பொரித்தது) மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. நான் செய்தால் சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று வாணலியில் ஒட்டிக்கொள்கிறது. எங்கே தப்பு?

பதில்: தண்ணீரில்தான். உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகிற வரைக்கும் துருவலின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, தாண்டாமல் எப்படிச் சிவக்கும்? நீளமாக, தோல் சொரசொரவென்று இருக்கிற ரஸ்ஸெட் கிழங்கை வாங்குங்கள். துருவியதுமே குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டால் மாவும் போகும், கறுக்கவும் செய்யாது. அப்புறம் ஒரு பருத்தித் துணியில் கட்டி, தேங்காய்ப்பால் பிழிகிற மாதிரி முறுக்கிப் பிழியுங்கள், இனிச் சொட்டு வராது என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை பிழிந்தால் கொஞ்சம் வரும், அதையும் எடுத்துவிடுங்கள்.

கனமான இரும்பு வாணலியில் மிதமான தீயில் 2 மேசைக்கரண்டி நெய். வெண்ணெய் வேண்டாம், அதிலுள்ள பால் திப்பி கருகிவிடும். துருவலை அரை அங்குல கனத்துக்குப் பரப்பி, உப்பைத் தூவி, லேசாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஏழெட்டு நிமிடம் தொடவே கூடாது, இதுதான் கஷ்டம். ஓரம் பொன்னிறமாகி, வாணலியை ஆட்டினால் மொத்தமும் ஒரே அடையாக நகரும். அப்போது திருப்புங்கள். டைனர் கவுன்ட்டரில் உட்கார்ந்து சமையல்காரரைப் பார்த்திருப்பீர்களே, கல்லில் ஒரு மூலையில் பரப்பிவிட்டு முட்டையைக் கவனிக்கப் போய்விடுவார், கிண்டிக்கொண்டு நிற்கமாட்டார். இன்னொன்று, பல டைனர்களில் பெட்டியில் வரும் உலர்ந்த துருவலை ஊறவைத்துத்தான் போடுகிறார்கள். அதனால் உங்கள் கைப்பக்குவத்தைக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: டைனர்கள் ஏன் ரயில் பெட்டி மாதிரி இருக்கின்றன?

பதில்: பழைய ரயில் பெட்டிகளைத்தான் மாற்றிவிட்டார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பெரும்பாலும் அப்படி இல்லை. 1872-ல் ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் வால்ட்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில், பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே, இராத்திரி வேலை பார்த்தவர்களுக்குச் சாப்பாடு விற்றார். அந்த வண்டிதான் வளர்ந்து டைனர் ஆனது. பிற்பாடு நியூ ஜெர்சித் தொழிற்சாலைகளில் முழுக் கடையையும் செய்து முடித்து, வேண்டிய ஊருக்கு ஏற்றி அனுப்பினார்கள். சாலையில் கொண்டுபோக வேண்டுமே, அதனால்தான் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்தது.

கேள்வி: பான்கேக் ரப்பர் போல ஆகிறது. மாவை நன்றாகத்தான் அடிக்கிறேன்.

பதில்: அந்த நன்றாக அடிப்பதுதான் காரணம்! தோசை மாவுக்குப் பழகிய கை நமக்கு. மைதாவை அடிக்க அடிக்கப் பசைத்தன்மை ஏறி இறுகிவிடும். ஒன்றரை கப் மைதா, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. இதில் ஒன்றரை கப் பட்டர்மில்க், ஒரு முட்டை, 2 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் ஊற்றி, பத்துப் பன்னிரண்டு தடவை கலக்கினால் போதும். கட்டி தெரியும், தெரியட்டும். அங்கே கடையில் கிடைக்கிற பட்டர்மில்க் கெட்டியாகப் புளிப்பாக இருக்கும், நம் நீர்மோரை ஊற்றினால் மாவு ஓடிவிடும். இல்லாவிட்டால் தயிரைப் பால் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். அந்தப் புளிப்பு சோடாவோடு சேர்ந்துதான் மாவை உப்பவைக்கிறது. ஐந்து நிமிடம் விட்டுவிட்டு ஊற்றுங்கள். மேலே வரும் குமிழிகள் வெடித்து ஓட்டை மூடாமல் நின்றால் ஒரே ஒரு முறை திருப்பலாம். திருப்பிய பிறகு கரண்டியால் தட்டாதீர்கள், உப்பியது அத்தனையும் அமுங்கிவிடும்.