படுக்க இடம் கொடுத்துவிட்டுப் பயிற்சி கொடுங்கள்

கேள்வி: ராமேசுவரம் பஸ் ஸ்டாண்டிலும் அக்னி தீர்த்தக் கரையிலும் படுத்துக் கிடக்கும் இளைஞர்களுக்காக எங்கள் அறக்கட்டளை ஏசி மெக்கானிக் பயிற்சி நடத்தியது. கட்டணம் கிடையாது, மதியச் சாப்பாடும் உண்டு. ஆனாலும் இரண்டே வாரத்தில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். இவர்களுக்குத் தங்க இடம் கொடு, அரசியலில் குரல் கொடு என்று நீங்கள் எழுதுவது சோம்பேறிகளைத் தட்டிக்கொடுப்பது ஆகாதா?

(ஒரு வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: பயிற்சியோடு சாப்பாடும் போட்டீர்களே, அதற்கு நன்றி. பலருக்கு அது தோன்றுவதில்லை. ஆனால் சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அந்தப் பையன்கள் எங்கே போனார்கள் என்று விசாரித்தீர்களா?

கடைத் திண்ணையில் படுத்தால் நடுராத்திரியில் ரோந்து போலீஸ் எழுப்பிவிடும். பையைத் தலைக்கு வைத்துப் படுத்தாலும் விடியும்போது செல்போன் இருக்குமா என்பது சந்தேகம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உங்கள் வகுப்பு நோட்டும் ஆதார் நகலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். இருட்டு பிரியுமுன் விசைப்படகுகள் கரைக்கு வரும். மீன் இறக்க, ஐஸ் பெட்டி தூக்க ஆள் தேடுவார்கள். அந்தக் கூலி அன்றைக்கே கையில் கிடைக்கும். அதில்தான் கட்டணக் கழிப்பறைக்கும் குளியலுக்கும் கொடுத்தாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு காலை ஒன்பது மணிக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்து கம்ப்ரஸர் பாடம் கேட்கிறவன் தூங்கி வழியத்தான் செய்வான். அவனைச் சோம்பேறி என்பது அநியாயம்.

பெண் பிள்ளைகள் உங்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள். தெருவில் படுக்கப் பயந்து, யார் வீட்டிலாவது வேலைக்காரியாக ஒண்டிக்கொள்கிறவர்களை வீடற்றவர் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது முடிந்ததும் வெளியே வந்தவர்களும் இப்படித் தெருவுக்கு வருவதுண்டு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு இவர்களுக்குப் பண உதவி தர வழி செய்கிறது. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், இல்லத்தைவிட்டு வெளியேறிய பிறகான பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கேட்டு வாங்கித் தர ஆள் இல்லாத பிள்ளைக்கு அது காகிதத்தோடு சரி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க உங்கள் அறக்கட்டளையால் முடியாதா?

நகர்ப்புற வீடற்றோர் விடுதிகளுக்கு ஒன்றிய அரசின் திட்டம், ஊர் மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு இத்தனை பேர் தங்க இடம் என்று கணக்குப் போட்டது. 2011 கணக்கெடுப்பில் ராமேசுவரத்தின் மக்கள்தொகை 45,000-க்குச் சற்றுக் குறைவு. நாடு முழுவதிலிருந்தும் ஆள் வந்து இறங்கும் யாத்திரைத் தலத்தை உள்ளூர்த் தலைக்கணக்கால் அளந்தால் தேவை எப்படித் தெரியும்?

பின்லாந்து 2008-ல் வரிசையை மாற்றியது. முதலில் சொந்த வாடகை ஒப்பந்தத்தோடு வீடு, வேலையும் சிகிச்சையும் அதற்குப் பிறகு. அடுத்த பல ஆண்டுகள் வீடற்றோர் எண்ணிக்கை அங்கே குறைந்துகொண்டே வந்தது. அவ்வளவு பணத்துக்கு நாம் எங்கே போவது என்பீர்கள். சரி, பயிற்சிக் கூடத்தை இரவிலும் திறந்து வையுங்கள். ஆளுக்கொரு பாய், பூட்டுப் போடக்கூடிய ஒரு பெட்டி, ஒரு குளியலறை, பொறுப்பான ஒரு காவலாளி. அதன் பிறகும் நின்றுவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

அரசியல் குரல் என்றதும் ஏன் கோபம் வருகிறது? நாங்கள் கேட்டது ஓட்டு. வீடில்லாதவருக்கு ஓட்டில்லை என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 6-இல் அவர் தான் படுக்கும் இடத்தைக் குறித்துக் கொடுக்கலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் அங்கே வந்து, ஆள் அங்குதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்து உறுதி செய்துவிட்டால் முகவரிச் சான்று தேவையில்லை. இது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை.

பட்டியலில் பெயர் ஏறினால்தான் கிராம சபையில் உறுப்பினர். ராமேசுவரம் நகராட்சி, அங்கே கிராம சபை கிடையாது. தங்கச்சிமடமும் பாம்பனும் ஊராட்சிகள், ஆண்டுக்கு ஆறு முறை சபை கூட வேண்டிய ஊர்கள். அங்கே கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாது. இந்த மீன்பிடித் தடைக்காலத்துக்கான நிவாரணம் 8,000 ரூபாய் மீனவக் குடும்பத்துக்குப் போகிறது. அது போகத்தான் வேண்டும். குடும்பமும் இல்லாமல் குடும்ப அட்டையும் இல்லாமல் அதே படகுத்துறையில் ஐஸ் தூக்கிய பையனுக்கு அந்த இரண்டு மாதமும் கூலி கிடையாது, நிவாரணமும் கிடையாது. இவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பீர்கள் என்று இவனே எழுந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓட்டின் அருமை மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்குத் தெரியும். அங்கே 1986-ல் பிறந்த ஓர் ஈழத்தமிழ்ப் பெண், பிறப்பால் தான் இந்தியக் குடிமகள் என்று நீதிமன்றம் வரை போய் வாதாடி, 2024 மக்களவைத் தேர்தலில்தான் முதல் ஓட்டைப் போட்டார். 1987 ஜூலை 1 முதல் பிறந்த முகாம் பிள்ளைகளுக்கு, தாய் தந்தை இருவரும் இலங்கையர் என்றால், அந்த வழியும் அடைபட்டுக் கிடக்கிறது.

அடுத்த அணியைச் சேர்க்கும்போது பயிற்சி விண்ணப்பத்தோடு படிவம் 6-ஐயும் கொடுங்கள். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பெயர் ஏறியதும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் படுக்கிறவர்களைக் கிராம சபைக்கு அழைத்துப் போங்கள். அவர்களுக்காக நீங்கள் பேச வேண்டாம், அவர்கள் பேசி முடிக்கும் வரை யாரும் உட்காரச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.