என்.எஃப்.எஸ். திருத்தங்களை வாசிப்பது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலைக் கற்கும் ஆசையில், சில மாதங்களாக அதன் என்.எஃப்.எஸ். பகுதிக்கு (இன்னொரு கணினியில் உள்ள கோப்புகளை வலை வழியே பயன்படுத்த உதவுவது) வரும் திருத்தங்களை வாசித்து வருகிறேன். பத்து வரிகூட இல்லாத ஒரு திருத்தத்தை நான்கைந்து முறை மாற்றி எழுதச் சொல்கிறார்கள். நிரலில் குறையில்லை என்று எனக்குத் தோன்றும் இடத்திலும் திருத்தத்தோடு இணைத்து அனுப்பும் விளக்கக் குறிப்பைத் திருத்தி அனுப்பும்படி கேட்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இதே அளவு மாற்றத்துக்கு அரை மணி நேரத்தில் ஒப்புதல் கிடைத்துவிடும். இது தேவையான கண்டிப்பா, மூத்தவர்களின் பிடிவாதமா? இத்தகைய திருத்தத்தை மதிப்பாய்வு செய்ய நான் எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

தேவையான கண்டிப்பு என்பதே என் உறுதியான கருத்து. ஒரே கணினிக்குள் ஓடும் நிரலில் ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். என்.எஃப்.எஸ். போன்ற வலைவழிக் கோப்பு முறைமையிலோ வேலை முடிந்த பிறகு, முடிந்தது என்று சொல்லும் பதில் மட்டும் வழியில் தொலைந்து போகலாம். ஒரு கோப்பை அழிக்கச் சொன்ன கிளையன்ட் (கோரிக்கை அனுப்பும் கணினி), பதில் வராததால் மீண்டும் கேட்கும்போது, முதல் முறையே அதை அழித்துவிட்ட சர்வர் (கோப்புகளை வைத்திருக்கும் கணினி) அப்படி ஒரு கோப்பே இல்லை என்று சொல்லக்கூடும். இதைத் தவிர்க்கத்தான் சர்வர் தன் அண்மைய பதில்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் வாசிக்கும் பத்து வரிகள் ஓர் உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே. மறுபக்கம் இன்னொரு கணினியில், சில நேரம் இன்னொரு நிறுவனம் எழுதிய நிரலில் இருக்கிறது.

எழுதுதலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ளும் விதிகளான என்.எஃப்.எஸ். நெறிமுறையின் பழைய இரண்டாம் பதிப்பில், ஒவ்வொரு எழுதும் கோரிக்கைக்கும் தரவு வட்டில் பதிந்த பிறகே சர்வர் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் வேகம் மிகவும் குறைந்தது. 1995இல் வெளியான மூன்றாம் பதிப்பின் வரையறை, தரவை நினைவகத்தில் வாங்கியவுடன் பதில் சொல்ல சர்வருக்கு இடம் கொடுத்தது. கிளையன்ட் தன் பிரதியைக் கைவிடாமல் வைத்திருந்து, பிறகு கமிட் என்ற கோரிக்கையால் வட்டில் பதிந்ததை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இரண்டு பதில்களிலும் 8 பைட் நீளமுள்ள ஓர் அடையாள எண் வரும். இடையில் சர்வர் நின்று மீண்டும் தொடங்கியிருந்தால் அந்த எண் மாறியிருக்கும். அதைக் கண்டால் கிளையன்ட் இன்னும் உறுதியாகாத தரவு முழுவதையும் திரும்ப அனுப்பும். இதுவரை எல்லாம் அழகாகவே பொருந்துகிறது.

சர்வர் நிற்கவில்லை, வட்டில் எழுதுவது மட்டும் தோற்றது என்றால் என்ன ஆகும்? அந்தப் பிழையை லினக்ஸ் கெர்னல், கோப்பின் ஒவ்வொரு திறப்புக்கும் ஒருமுறைதான் தெரிவிக்கும். சர்வருக்குள் அந்தத் திறப்பை இரண்டு கிளையன்ட்கள் பகிர்ந்திருந்தால், முதலில் கமிட் கேட்டதற்குப் பிழை கிடைக்கும். அடுத்ததற்கு வெற்றி என்ற பதிலும் மாறாத அடையாள எண்ணும் கிடைக்கும். அது நிம்மதியாகத் தன் பிரதியைக் கைவிடும். தரவு எங்கும் இருக்காது. எழுதுதல் தோற்றாலும் அடையாள எண்ணை மாற்றிவிடுவது என்று 2019இல் லினக்ஸ் சர்வரில் திருத்தம் செய்யப்பட்டது. அதைச் செய்யும் வரிகள் மிகக் குறைவு. அவை ஏன் வேண்டும் என்பதை நிரலை மட்டும் பார்த்து எவராலும் ஊகிக்க முடியாது. ஐந்து ஆண்டுகள் கழித்து ஒருவர் தேவையற்றது என்று அவற்றை நீக்காமல் இருக்க வேண்டுமானால், காரணம் விளக்கக் குறிப்பில்தான் இருந்தாக வேண்டும். குறிப்பைத் திருப்பி எழுதச் சொல்வது உங்களுக்கு மொழிச் சீர்திருத்தமாகத் தோன்றலாம். நான் அதை மதிப்பாய்வின் மையப் பகுதியாகவே கருதுகிறேன்.

கவனமாகப் பார்த்தும் தப்பிப்போனதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஒரு கோப்பு மாறியதா என்பதை அறிய மூன்றாம் பதிப்பு கிளையன்ட் கோப்பின் நேரக்குறிப்பை நம்புகிறது. ஆனால் கெர்னல் அதற்கு வழங்கும் நேரம் சில மில்லி வினாடிகளுக்கு ஒருமுறைதான் நகரும். அந்த இடைவெளிக்குள் இரண்டு மாற்றங்கள் நடந்தால் இரண்டாவது மாற்றம் கிளையன்டின் கண்ணில் படாது. அது பழைய தரவையே காட்டிக்கொண்டிருக்கும். யாராவது நேரத்தைப் பார்த்துவிட்டுப் போன கோப்புக்கு மட்டும், அடுத்த மாற்றத்தின்போது நுண்ணிய நேரம் இடுவது என்ற யோசனை 2023இல் கெர்னலின் 6.6 பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டு, அது வெளியாகும் முன்பே விலக்கப்பட்டது. ஒரு கோப்பு நுண்ணிய நேரமும், அதற்குப் பின் மாறிய இன்னொன்று பழைய தோராய நேரமும் பெற்றால், பின்னது முன்னதாக மாறியது போலத் தெரியும்; கோப்புகளின் நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றிலிருந்து மட்டும் நிரலை மீண்டும் உருவாக்கும் மேக் (make) போன்ற கருவிகள் அங்கே ஏமாறும். கடைசியாக வழங்கிய நுண்ணிய நேரத்துக்குக் கீழே எந்தத் தோராய நேரமும் போகக் கூடாது என்ற பொதுவான வரம்போடு, 2025 ஜனவரியில் வெளியான 6.13 பதிப்பில் அது திரும்பி வந்தது. முதல் வடிவத்தில் ஒவ்வொரு கோப்பையும் தனியாகப் பார்த்தால் பிழையே இல்லை. இரண்டு கோப்புகளுக்கு இடையே இருந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். புதிய வசதிகளைக் கொண்டுவரும் பெரிய திருத்தத் தொடர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஏதோ ஒரு பிழையைச் சரிசெய்யும் சிறிய திருத்தத்தை எடுத்து, அதில் தோல்விக்குப் பிறகு நிரல் செல்லும் பாதையை மட்டும் இறுதிவரை பின்தொடருங்கள்: ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாதபடி எடுத்த பூட்டு விடப்படுகிறதா, அதைப் பயன்படுத்துவோர் எத்தனை என்று கூட்டிய எண்ணிக்கை குறைக்கப்படுகிறதா என்று பாருங்கள். நினைவகம் கேட்கும் வரி இருந்தால் கூடுதலாக நின்று யோசியுங்கள். நினைவகத்தை விடுவிப்பதற்காகவே கிளையன்ட் தரவை அனுப்பிக்கொண்டிருக்கும் வேளையில், அந்த வரியே நினைவகத்துக்காகக் காத்து நின்றால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்பார்த்து உறைந்துவிடும். பிறகு நெறிமுறையின் ஆவணத்தில் அந்தக் கோரிக்கைக்குரிய பகுதியைத் திறந்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அது நீளமானது, வறண்டது, ஆனால் மறுபக்கத்துக் கணினி என்ன எதிர்பார்க்கிறது என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. திருத்தத்தைச் சேர்த்த கெர்னலை இரண்டு மெய்நிகர் கணினிகளில் ஓட்டி, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சர்வரை நிறுத்திப் பாருங்கள்.

மதிப்பாய்வு செய்தேன் என்று உங்கள் பெயரை இடுவதற்கு அவசரம் வேண்டாம். சர்வர் இந்த வரியில் நின்றுபோனால் கிளையன்ட் எதை நம்பிக்கொண்டிருக்கும் என்று முதலில் கேள்வியாகவே எழுதி அனுப்புங்கள். திருத்தத்தை எழுதியவரிடம் அதற்குப் பதில் இருந்தால் அது விளக்கக் குறிப்பில் சேரும். இல்லையென்றால் ஐந்தாவது வடிவம் ஒன்று வரும்.

அன்புடன்,
ஆசிரியர்