சொட்டுத் தண்ணீரும் சினிமாதானா?

கேள்வி: என் மகன் பாலிடெக்னிக்கில் படத் தயாரிப்பு படிக்கிறான். அவனுடைய ஆசிரியர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தேன். அடுக்குமாடி புளோக்கில் காயப்போட்ட துணியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பன்னிரண்டு நிமிடமும் அதேதான். பரிசோதனைப் படமாம்! கதை எடுக்கத் தெரியாதவர், எடுத்த படமும் எங்கும் ஓடாதவர், பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தரப்போகிறார்? - ஒரு தந்தை, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அவர் கதை எடுக்கவில்லை என்கிறீர்கள், சரி. தெரியாது என்று யார் சொன்னது?

பன்னிரண்டு நிமிடம் ஈரத்துணியைப் பார்ப்பது எனக்கும் கஷ்டம்தான். அர்மீனியன் ஸ்திரீட்டில் சப்ஸ்டேஷன் என்ற கலை மையம் இருந்த காலத்தில் இப்படிப்பட்ட ஒரு படத்தில் நிம்மதியாகத் தூங்கியவன் நான். ஆனால் அதை வைத்து வாத்தியாருக்கு மார்க் போடாதீர்கள்.

மகனிடம் ஒரு கேமராவைக் கொடுத்து, உங்கள் மாடி நடைபாதையில் எரியும் பழைய குழல்விளக்கைப் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 30 பிரேம், ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம், 60இல் ஒரு பங்கு நொடி. படத்தில் மங்கலான பட்டைகள் துடித்துக்கொண்டே ஓடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கி எரிகிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஷட்டரை 50இல் ஒரு பங்காக மாற்றினால் பட்டை போய்விடும். கல்யாண வீடியோ எடுப்பவருக்கு அதைப் போக்கத் தெரிந்தால் போதும். பரிசோதனைக்காரருக்கோ அந்தப் பட்டையே வேண்டியிருக்கும். அகலமாக, மெதுவாக, சொன்ன இடத்தில் வரவும் வேண்டும். இருவரில் யாருக்குக் கேமரா கூடுதலாகத் தெரிந்திருக்கும்?

ஆஸ்திரியாவின் பீட்டர் குபெல்கா 1960இல் கறுப்புப் பிரேம், வெள்ளைப் பிரேம், சத்தம், மௌனம் இந்த நான்கை மட்டும் வைத்து ஆறரை நிமிடப் படம் ஒன்றைச் செய்தார். அவர்தான் பிறகு ஃபிராங்ஃபர்ட் கலைப் பள்ளியில் பல ஆண்டுகள் சினிமா சொல்லிக்கொடுத்தார். கூடவே சமையலும்! (அந்த வகுப்பில் நான் தூங்கியிருக்க மாட்டேன்.)

அப்புறம், ‘எங்கும் ஓடாதவர்’ என்கிறீர்களே. எரிக் கூவின் ‘மை மேஜிக்’ 2008இல் கேன்ஸ் விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. அங்கே போன முதல் சிங்கப்பூர்ப் படம், அதுவும் தமிழ் பேசிய படம். நீங்கள் டிக்கெட் வாங்கினீர்களா? நாம் போகாமல் இருந்துவிட்டு, படம் ஓடவில்லை என்று எடுத்தவரைக் குறை சொல்வது நல்ல வேடிக்கை.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. மகனும் தண்ணீர் சொட்டுவதையே எடுத்துக்கொண்டு போய், அதற்கு அவர் ‘ஏ’ போட்டால் உடனே எனக்கு எழுதுங்கள். தன் ருசியைப் பிள்ளைகள் வாயில் திணிப்பவரை நானும் விடமாட்டேன். மகன் கதைப்படம் எடுத்துக் காட்டி, அதில் எந்த ஷாட் தேவையில்லை என்று அவர் சொல்கிறார் என்றால், வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்கிறார்.

இன்னொன்று. ஏர்கான், பஸ், மைனா என்று ஓயாமல் இரையும் புளோக்கில் அந்தச் சொட்டுச் சத்தம் உங்கள் காதில் தனியாக விழுந்ததா? விழுந்திருந்தால், மைக்கை எங்கே வைத்தார் என்று மகனை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். என் தங்கை மகள் கல்யாண வீடியோவில் ட்ரோன் எல்லாம் பறக்கிறது. ஐயர் சொன்ன மந்திரத்தில் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.